குளத்து மீனும் கரையோர வாடியும்

குளம் என்றவுடன் கமக்காரரின் மனத்திலே தோன்றுவது நெல்லேயாகும். மாரியிலே சேர்ந்த நீரைக் கட்டி வைத்து, துருசைத் திறந்து, வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ச்சுதலே குளத்தின் பயன் என்று அவர் கருதுகின்றார். அக்கருத்துத் தவறன்று. ஆயினும், துருசு மூடிக் கிடக்கும் நாட்களிலும் அக்குளத்திலே வேறொரு விளைச்சல் இடையறாது நடைபெற்றுக்கொண்டேயிருக்கின்றது. அதற்கு உழவில்லை, களைபிடுங்கலில்லை, பசளையும் இல்லை. அறுவடை மாத்திரம் உண்டு. அவ்வறுவடையைச் செய்வோர், குளக்கட்டிலிருந்து கண்ணுக்கெட்டாத தொலைவில், காட்டையடுத்த அலைகரையில் வாடி அமைத்துத் தொழில் புரியும் நன்னீர் மீனவராவர். அவர்களுடைய வாழ்க்கையையும், அவர்கள் காத்துவரும் செல்வத்தையும் அறிந்துகொள்ளுதல் கமக்காரர் ஒவ்வொருவருக்கும் பயனுடையதாகும்.

வாடியின் அமைப்பு

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய வன்னிப் பெருங்குளங்கள் யாவும் பரந்த நீர்ப்பரப்பை உடையன. கட்டுப்பக்கத்திலே வீதியும் வயலும் ஊரும் இருக்கும். எதிர்ப்பக்கத்திலோ காடு நீர்விளிம்புவரை வந்து நிற்கும். இத்தகைய குளமொன்றின் தலைப்பக்கத்திலுள்ள வாடியொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஊரிலிருந்து அவ்வாடிக்குச் செல்வதற்குக் காட்டுப்பாதை ஒன்றே உண்டு. மாரி காலத்தில் அதுவும் நீரில் மூழ்கிவிடும். அப்போது தோணியே வழியாகும். காட்டுக்கம்புகளை நாட்டி, கிடுகினால் வேய்ந்து, அதன்மேல் பொலித்தீன் விரித்து வாடி கட்டப்பட்டிருக்கின்றது. பாம்புக்கும் ஈரத்துக்கும் அஞ்சி, நிலத்திலே படாது பரண் அமைத்தே உறங்குவர். மூன்று கல் அடுப்பு ஒன்று, அரிசிப் பெட்டி ஒன்று, குடிநீர்க் கலன் ஒன்று, மூலையிலே சுருட்டி வைத்த வலைகள் ஆகியனவே உள்ளிருக்கும் பொருள்கள். முன்னாளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த இடத்தில் இப்போது சூரிய ஒளியால் இயங்கும் சிறு விளக்கு தொங்குகின்றது. ஆயினும் வாசலிலே எரியும் கட்டைத்தீ இன்றும் அணையவில்லை. கோடையில் நீர்தேடி யானைகள் அலைகரைக்கு இறங்குமாதலால், அத்தீ இரவு முழுவதும் எரிதல் வேண்டும்.

வாடியிலே தங்குவோர் நால்வர் அல்லது அறுவராவர். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உறவினராகவே இருப்பர். மனைவி மக்கள் ஊரிலே இருப்பர். கிழமைக்கு ஒருமுறை வீடு சென்று, அரிசி, தூள், உப்பு ஆகியவற்றுடன் மீள்வர்.

ஒருநாள் தொழில்

மாலை 4 மணியளவில் தொழில் தொடங்குகின்றது. தோணியொன்றுக்கு இருவர் செல்வர். ஒருவர் துடுப்பு வலிக்க, மற்றவர் வலையைச் சிறிது சிறிதாக நீரில் இறக்குவார். நீருள் நிற்கும் பட்டமரங்களின் ஓரங்களையும், பழைய ஆற்றுப்படுகை செல்லும் ஆழமான இடங்களையும் அவர்கள் நன்கு அறிவர். குளத்தின் அடியிலே கிடக்கும் நிலம், குளம் கட்டப்படுவதற்கு முன்னர் எவ்வாறிருந்ததோ அவ்வாறே அவர்கள் மனத்திலே வரையப்பட்டிருக்கின்றது எனலாம்.

வலை இரவு முழுவதும் நீரில் நிற்கும். விடியுமுன்னரே அதனைத் தூக்குதல் வேண்டும். வெயில் ஏறி நீர் சூடானால், வலையில் அகப்பட்டு இறந்த மீன் விரைவில் பழுதடைந்துவிடும். நீர்க்காகங்கள் வலையில் சிக்கிய மீனைக் கொத்தும். முதலை வந்தால் மீனோடு வலையும் கிழியும். ஆகவே, நட்சத்திரங்கள் மறையுமுன்னரே தோணிகள் புறப்பட்டுவிடும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலே அலை எழுந்து, ஒடுங்கிய தோணியைக் கவிழ்த்துவிடக்கூடும். நீந்தத் தெரியும் என்ற துணிவினால் உயிர்காப்பு அங்கியை வாடியிலே விட்டுச் செல்லுதல் பெருந்தவறாகும். வலையில் கால் சிக்கியவனுக்கு நீச்சல் உதவாது.

காலை 7 மணிக்குள் வியாபாரி தம் மோட்டார்ச் சைக்கிளில் பனிக்கட்டிப் பெட்டியுடன் வந்து சேருவார். மீன் நிறுக்கப்படும், கணக்குக் கொப்பியில் எழுதப்படும். மீனவர் பலர் வலை வாங்குவதற்கென வியாபாரியிடம் முற்பணம் பெற்றவராவர். ஆதலின் அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்கவேண்டியவராகவும் இருக்கின்றனர். பின்னர் வலையிலே ஒட்டிய பாசியைக் கழுவி, கிழிந்த கண்களைப் பொத்தி, உண்டு, உச்சிப்பொழுதில் உறங்குவர். மாலையில் மீண்டும் தொழில் தொடங்கும்.

குளத்திலுள்ள மீன்கள்

விரால், கெளுத்தி, விலாங்கு, கெண்டை முதலியன நம் நாட்டிலே இயற்கையாக வாழும் மீன்கள். இவை ஆறுகளிலும், சேற்று நிலங்களிலும், கரையோரப் புற்களிடையிலும் வாழப் பழகியவை. இலங்கையிலே இயற்கையான பேரேரிகள் இல்லாமையால், பெருங்குளங்களின் திறந்த நீர்ப்பரப்பை நன்கு பயன்படுத்தும் மீனினங்கள் இங்கே மிகக் குறைவாயிருந்தன. 1952ஆம் ஆண்டில் திலாப்பியா மீன் கொண்டுவரப்பட்டபின் இந்நிலை மாறியது. சில ஊர்களில் இது யப்பான் மீன் என வழங்கப்படுகின்றது. ஆயினும் இதன் தாயகம் யப்பானன்று, ஆபிரிக்காவாகும். 1975ஆம் ஆண்டில் இதனினும் பெரிதாக வளரும் நைல் திலாப்பியாவும் சேர்க்கப்பட்டது. இன்று பெருங்குளங்களில் அகப்படும் மீனிற் பெரும்பங்கு திலாப்பியாவேயாகும்.

திலாப்பியா குளத்திலே தானாகவே பெருகும் இயல்புடையது. ஆண்மீன் ஆழங்குறைந்த கரையோர நிலத்தில் வட்டமான குழியொன்றை அமைக்கும். பெண்மீன் அங்கே முட்டையிட்டு, அம்முட்டைகளைத் தன் வாயினுள் எடுத்து, குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை இரண்டு மூன்று வாரங்கள் காத்து நிற்கும். கட்லா, ரோகு, மிரிகால் முதலிய இந்தியக் கெண்டைகளோ ஓடும் ஆற்றுநீரிலே இனம்பெருக்குபவை. தேங்கிய குளத்தில் அவை பெருகா. ஆகையால், தம்புள்ளை, உடவளவை, இங்கினியாகலை முதலிய இடங்களிலுள்ள நிலையங்களில் குஞ்சுகளை உண்டாக்கி, வளர்த்து, குளங்களில் விடுகின்றனர். நன்னீர் இறாலின் குஞ்சுகளுக்கு முதற்பருவத்தில் உவர்நீர் தேவையாதலால், அவையும் பொரிப்பகத்திலிருந்தே வருதல் வேண்டும்.

ஆகவே, குளத்து மீன் இருவகைப்படும். ஒன்று, நாம் விதைக்க முளைப்பது. மற்றொன்று, தானாக முளைப்பது. இரண்டிற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. வளருமுன் அறுத்தால் விளைச்சல் இல்லை.

வறட்சி வந்தபோது

குளத்து மீனவரின் உண்மையான சோதனை ஆவணி, புரட்டாதி மாதங்களில் வருகின்றது. சிறுபோகத்துக்கு நீர் சென்றபின், குளம் வற்றி, அலைகரை வெடித்துக் கிடக்கும். எஞ்சிய நீரிலே மீன் நெருங்கி நிற்கும். முதல் சில நாட்களில் நிறைய மீன் அகப்படும். பின்னர் பெரிய மீன்கள் குறைந்து, வலை வெறுமையாக வரும். அக்காலத்திலேதான் கடனும், பிள்ளைகளின் பள்ளிச்செலவும், வீட்டுச் செலவும் ஒருங்கே நெருக்கும்.

மேலே கூறிய வாடியிலும் ஒருமுறை அவ்வாறே நேர்ந்தது. வாடியின் மூத்தவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குளத்தோடு பழகியவர். அவருடைய தங்கையின் மகன் அவரோடு தொழில் செய்பவன். இரு பிள்ளைகளின் தகப்பன். நான்கு நாட்கள் தொடர்ந்து வலை வெறுமையாக வந்தபின், ஐந்தாம் நாள் அவன் ஊருக்குச் சென்று, சிறுகண் தங்கூசி வலையொன்றைக் கடனுக்கு வாங்கி வந்தான். இரு விரல்கூடச் செவ்வையாக நுழையாத கண்களை உடையது அவ்வலை. மாமனிடம் சொல்லாமலே அன்றிரவு அதனை இறக்கினான். விடியற்காலையில் 12 கிலோ மீனுடன் கரைசேர்ந்தான்.

மூத்தவர் அவனை ஏசவில்லை. வியாபாரியின் தராசை வாங்கி, சாக்கின்மேல் 1 கிலோ மீனை நிறுத்து வைத்தார்.

"இதை எண்ணு, தம்பி" என்றார்.

அவன் எண்ணினான். இருபது மீன்கள் இருந்தன.

"அப்படியானால் பன்னிரண்டு கிலோவிலே எத்தனை?"

"இருநூற்று நாற்பது, அம்மான்."

"பாதியை முதலையும் நீர்க்காகமும் தின்னட்டும். மிச்சம் நூற்றிருபது. மாரி பெய்து, தை பிறக்கும்போது ஒவ்வொன்றும் கால் கிலோ நிற்கும். எத்தனை கிலோ?"

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "முப்பது" என்றான்.

"முப்பது கிலோவை விட்டுவிட்டுப் பன்னிரண்டு கிலோவை எடுத்து வந்திருக்கிறாய். இந்தப் பொடிமீனுக்கு அந்த முப்பதின் விலையும் கிடையாது."

"தை மாதம் வரைக்கும் பிள்ளைகளுக்கு என்னத்தைக் கொடுக்கிறது, அம்மான்?" என்று அவன் கேட்டான்.

அக்கேள்விக்கு மூத்தவரிடம் உடனே விடை இருக்கவில்லை. உண்மையிலே, சிறுகண் வலையைப் பற்றிப் பேசுவோர் எவரும் இக்கேள்வியை மறத்தல் ஆகாது. பசியுடையவனுக்கு அறிவுரை மாத்திரம் போதாது. அன்று மாலை மூத்தவர் தோணியில் கட்டுப்பக்கம் சென்று, மீனவர் சங்கத் தலைவரைச் சந்தித்தார். சங்கத்தின் சேமிப்பிலிருந்து சிறு கடனொன்று கிடைத்தது. எஞ்சிய நாட்களுக்கு, வாய்க்கால் துப்புரவாக்கும் வேலையிலே கமக்காரர் அமைப்பு மருமகனைச் சேர்த்துக்கொண்டது. வருவாய் மீன்பிடியில் வருவதிலும் குறைவே. ஆயினும் அடுப்பு எரிந்தது. தங்கூசி வலை மீண்டும் நீரைக் காணவில்லை. அதன் கடனை அவன் அடுத்த ஆண்டிலேயே தீர்த்தான்.

வலைக்கண்ணின் அளவு

இலங்கையின் நன்னீர் நிலைகளில் செவுள்வலையின் கண் 85 மில்லிமீற்றருக்குக் குறைதல் கூடாதென 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின் கீழ் ஒழுங்கு செய்யப்பட்டது. இதனை அளக்கும் முறை எளிது. வலையை நீரில் நனைத்து, ஒரு கண்ணின் எதிரெதிரான இரு முடிச்சுகளைப் பிடித்து இழுத்து, அவற்றிற்கு இடைப்பட்ட நீளத்தை அளத்தல் வேண்டும். அது ஏறத்தாழ 3⅓ அங்குலமாக இருக்கும். இவ்வளவுடைய வலையில் ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள திலாப்பியா அகப்படும். சிறியது நுழைந்து சென்றுவிடும். அவ்வாறு சென்ற மீன் ஒருமுறையேனும் இனம்பெருக்கிய பின்னரே வலைக்கு வரும். தங்கூசி வலையும் சட்டத்தால் தடுக்கப்பட்டதாகும். அறுந்து நீரடியிற் கிடக்கும் தங்கூசி உக்காது. எவருக்கும் பயனின்றி மீனைக் கொன்றுகொண்டேயிருக்கும்.

சட்டமும் ஆதரவும் இல்லாதவிடத்து யாது நேருமென்பதை நம் நாடு ஒருமுறை கண்டறிந்துள்ளது. 1990ஆம் ஆண்டில் நன்னீர் மீன்பிடிக்கு அரசு அளித்துவந்த ஆதரவு நிறுத்தப்பட்டது. குஞ்சு விடுதல் நின்றது, மேற்பார்வை தளர்ந்தது, சிறுகண் வலைகள் பல குளங்களில் பரவின. சில ஆண்டுகளுக்குள் மீன் விளைவு பெரிதும் வீழ்ந்தது. 1994ஆம் ஆண்டில் ஆதரவு மீண்டும் அளிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் நீருயிரின வளர்ப்புக்கெனத் தனியான தேசிய அதிகாரசபையும் நிறுவப்பட்டது. வன்னிக் குளங்களிலோ, 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்து மக்கள் மீளக் குடியமர்ந்த பின்னரே இத்தொழில் மீண்டும் ஒழுங்காகத் தலையெடுத்தது. அழித்தற்குச் சில மாதங்கள் போதும். மீட்டற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

குளம் இருவருக்கும் பொது. மீனவர் துருசுக்கு அருகே வலை விரித்து நீரோட்டத்தைத் தடுத்தல் ஆகாது. அவ்வாறே கமக்காரரும் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவதாக, துருசு மட்டத்தின் கீழ் எஞ்சும் நீரை இயந்திரத்தால் இறைத்து எடுத்தல் ஆகாது. அந்நீரே அடுத்த ஆண்டின் மீனுக்கு விதைப்பெட்டியாகும். அந்நீரில்லையேல் மாடும் காட்டுவிலங்கும் குடிநீரின்றித் தவிக்கும்.

இரண்டாவதாக, சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு மீனவர் சங்கத்தின் பிரதிநிதியையும் அழைத்தல் வேண்டும். நீர் எந்நாளில் எவ்வளவு இறங்குமென்பதை அவர் முன்னரே அறிந்தால், குஞ்சு விடும் காலத்தையும் பிடிக்கும் காலத்தையும் அதற்கேற்ப வகுத்துக்கொள்வார்.

மூன்றாவதாக, அலைகரையை வெட்டி வெளியாக்கிப் பயிர் செய்தல் ஆகாது. மழைநீரோடு மண் கரைந்து குளம் தூர்வதும், திலாப்பியா குழியமைக்கும் ஆழங்குறைந்த நிலம் சேற்றால் மூடப்படுவதும் இதனாலேயாம். களைநாசினி, பூச்சிநாசினிக் கலன்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுதலும் அறவே நீக்கற்பாலது.

நான்காவதாக, கோடையில் முற்றாக வற்றும் சிறு குளங்களை வீணே விடலாகாது. மாரியில் நீர் நிறைந்தபின் கெண்டைக் குஞ்சுகளை விட்டு, ஆடி, ஆவணியில் நீர் வற்றுமுன் பிடித்துவிடலாம். ஊர்க் கமக்காரர் அமைப்பே இதனைச் செய்துகொள்ள முடியும்.

மீனைப் பேணுதல்

பிடித்த மீனைப் பேணாவிடின் பட்ட பாடு வீணாகும். மீன் கரைக்கு வந்தவுடன் நிழலில் வைத்து, 1 கிலோ மீனுக்கு 1 கிலோ என்ற அளவில் நொருக்கிய பனிக்கட்டி இடுதல் நன்று. விற்று எஞ்சியதை முதுகுப்பக்கமாகப் பிளந்து, குடலும் செவுளும் நீக்கி, இரத்தம் போகக் கழுவி, 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு வீதம் இட்டு ஓரிரவு வைத்தல் வேண்டும். பின்னர், மணலில் விரிக்காது, கம்புத் தட்டியின் மேல் உலர்த்தினால் ஈயும் தூசும் அணுகாத நல்ல கருவாடு கிடைக்கும்.

குளத்து மீனிலே சேற்று வாடை உண்டென்று சிலர் அதனை விரும்புவதில்லை. துண்டாக்கிய மீனை உப்பும் பழப்புளியும் சேர்த்துப் பிசைந்து, சிறிது நேரம் வைத்துக் கழுவினால் அவ்வாடை பெரும்பாலும் நீங்கும். வாடியிலே மட்சட்டியில், புளியும் தூளும் கறிவேப்பிலையும் இட்டு வற்றக் காய்ச்சும் திலாப்பியாக் குழம்பை உண்டவர் பின்னர் அதனைக் குறை கூறார். கடலிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் புரதவுணவு இதுவேயாகும்.

மாரி மீண்டும் வரும்போது

ஐப்பசியிலே வடகீழ்ப் பருவமழை தொடங்குகின்றது. வெடித்துக் கிடந்த அலைகரை நனைந்து, புல் முளைத்து, நாள்தோறும் நீர் ஏறும். கார்த்திகை, மார்கழியில் குளம் நிறைந்து வான் பாயும்போது, வாடியிலுள்ளோர் தம் வாடியைப் பிரித்து மேட்டுநிலத்துக்கு மாற்றுவர். புதிதாக நீர் மூடிய புல்வெளியிலே சிறுமீன்கள் கூட்டங்கூட்டமாக மேயும். கோடையிலே வலைக்கண் வழியாகத் தப்பிச் சென்றவை அவையே.

கமக்காரர் எவ்வளவு வறுமையுற்ற போதிலும் விதைநெல்லைக் குற்றி உண்ணார். அது பற்றி அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குளத்திலே துள்ளும் சிறுமீனும் விதைநெல்லே. அதனைப் பிடிக்காது விடுதல் மீனவர் கடன். அது வாழ்வதற்குக் குளத்திலே சிறிது நீரை விடுதல் கமக்காரர் கடன். இவ்விரு கடன்களும் செவ்வையாக நிறைவேறுமாயின், ஒரே குளம் சோற்றையும் தரும். சோற்றுக்குக் கறியையும் தரும்.